பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

தமிழில் 'பார்' என்ற சின்னஞ்சிறு வினைச்சொல் செய்கிற வேலைகளுக்குக் கணக்கில்லை. நோய்வாய்ப்பட்ட ஒருவரின் கட்டிலைச் சுற்றி மட்டும் அது மூன்று விதமாக நடமாடுகிறது. டாக்டர் வைத்தியம் பார்க்கிறார். உற்றார் உறவினர் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். கூடவே இருந்து தண்ணீர் கொடுத்து, வாய் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, இரவெல்லாம் கண் விழிக்கிற ஒருவர் பார்த்துக்கொள்கிறார்.

இந்த மூன்றாவது காரியம் நம் வீடுகளில் வெகுகாலம் யாருடைய பொறுப்பு என்ற கேள்வியே எழாமல் நடந்து வந்தது. தாயார் செய்தாள், மனைவி செய்தாள், மருமகள் முணுமுணுத்துக்கொண்டே செய்தாள், இளம் வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டோடு வந்துவிட்ட அத்தை வாயே திறக்காமல் செய்தாள். இன்று அதன் பெரும்பகுதி படித்துப் பட்டம் பெற்றுச் சம்பளத்துக்குச் செய்கிற தொழிலாகிவிட்டது. செய்கிறவள் நமக்கு அந்நியள். அவள் செய்வதை நாம் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறோம்.

அங்கேதான் ஒரு தர்ம சங்கடம் பிறக்கிறது. நம் தாயையோ தகப்பனையோ பார்த்துக்கொள்கிறவளை நாம் எந்த அளவுக்குப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்? என்ன உரிமையில் அவளை அதட்டலாம்? எந்த இடத்தில் நம் அக்கறை அக்கறையாக இருப்பது முடிந்து, அதிகாரமாகிறது?

மாலை வேளையில், உறவினர்களை உள்ளே விடுகிற நேரத்தில், ஏதாவது ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மாடி வார்டுக்குப் போய் நின்று பாருங்கள். ஒரு பெரியவருக்கு உடம்பு சரியில்லை. மூத்த மகன் வருகிறார். ஏதோ ஒரு கம்பெனியில் நாற்பது பேரை மேய்க்கிற உத்தியோகம். வந்ததும் அவர் கண் தகப்பனாரின் முகத்துக்குப் போகுமுன் மேலே தொங்குகிற பாட்டிலுக்குப் போகிறது.

"ஏன் சிஸ்டர், இது இவ்வளவு மெதுவா இறங்குது?"

"டாக்டர் வச்ச அளவுதான் சார்."

"மத்தியானம் பெல் அடிச்சுக் கால் மணி நேரம் யாருமே வரலையாமே?"

"பார்க்கிறேன் சார்."

"பார்க்கிறேன்னா? இந்த பெட்ஷீட் காலையில மாத்தினதுதானா? உங்க சூபர்வைசரைக் கூப்பிடுங்க."

இவ்வளவும் தகப்பனாரின் தலைக்கு மேலே நடக்கிறது. மகன் கெட்டவர் அல்ல. இந்த ஆஸ்பத்திரிக்குக் கட்ட முன்பணம் திரட்டியவர் அவர்தான். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாதவரும் அவர்தான். ஆனால் அவருக்குத் தெரியாத சில விஷயங்கள் அந்த அறையில் இருக்கின்றன. இருதயம் பலவீனமான கிழவருக்குக் குளுக்கோஸ் நீரை வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். மெதுவாக இறங்குவதே அங்கே வைத்தியம். மத்தியானம் பெல் அடித்த கால் மணி நேரமும் அந்தப் பெண் நாலாம் நம்பர் கட்டிலில், மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருந்த ஒருவரின் பக்கத்தில் நின்றாள். அதை அவள் சொல்ல முடியாது. ஒரு நோயாளியின் நிலையை மற்றொரு நோயாளியின் வீட்டாரிடம் சொல்வது அவள் தொழிலுக்கு அடாது. ஆகவே "பார்க்கிறேன் சார்" என்கிறாள். அந்த மூன்றாவது மனிதருக்காக அவள் செய்த நல்ல காரியம், மகனுடைய கணக்கில் அசிரத்தை என்று பதிவாகிறது.

ஒரு நர்ஸின் நேரம் பலருக்குப் பொதுவான கிணற்றுத் தண்ணீர் மாதிரி. போதனா ஆஸ்பத்திரியின் சாதாரண வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரிகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் சொல்லும் அளவு. நம் ஊர் வார்டுகளில் இரவு நேரத்தில் ஒரு முறை நடந்து போனவர்களுக்கு அந்த அளவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும். சம்பள விஷயமும் அப்படித்தான். தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகளின் நிலைமையைப் பற்றி 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, ஆராய ஒரு குழு அமைக்கச் சொன்னது. 50 படுக்கைகளுக்குக் குறைந்த சிறிய ஆஸ்பத்திரியில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று அந்தக் குழு சிபாரிசு செய்தது. அந்தத் தொகையையே ஒரு சிபாரிசாக எழுதிவைக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கும் கீழே எத்தனை பேர் வேலை பார்த்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம். நம் பில்லில் உள்ள பெரிய தொகையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வாங்குகிறார்களே, செய்தால் என்ன?" என்று நாம் கோபிக்கிறபோது, எதிரில் நிற்கிறவள் அந்தத் தொகையை வாங்கியவள் அல்ல.

சரி, அந்த மகன் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்? பணத்திமிர் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். அது பாதிகூட உண்மையில்லை.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார்: நோயாளி, நோயைத் தீர்ப்பவர், மருந்து, பக்கத்தில் இருந்து மருந்தை இயற்றுகிறவர். நான்காமவருக்கும் சரியாசனம் கொடுத்த பெருந்தன்மையைக் கவனியுங்கள். அவருக்கு இருக்கவேண்டிய இலக்கணத்தை உரை எழுதிய பரிமேலழகர் விரித்துச் சொல்கிறார். நோயாளியிடம் அன்பு, மனம் வாக்கு உடல் மூன்றிலும் தூய்மை, சொன்னபடி செய்து முடிக்கிற வல்லமை, அறிவு. இந்த நான்கு குணமும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்பது பழைய எதிர்பார்ப்பு.

நம் காலத்தில் அந்த ஒரே ஆள் இரண்டு ஆளாகப் பிரிந்துவிட்டார். சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்குப் பயிற்சி தொடங்கியது 1871-இல். நர்ஸ் என்றும் மருத்துவச்சி என்றும் யாரைச் சொல்லலாம், யார் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதற்குச் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது 1926-இல். இந்தப் படிப்பாலும் சட்டத்தாலும் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன, அதில் சந்தேகமில்லை. கூடவே சத்தமில்லாமல் இன்னொன்றும் நடந்தது. அறிவும் வல்லமையும் நர்ஸிடம் போய்ச் சேர்ந்தன. அன்பு உறவினரிடம் தங்கிவிட்டது. தகப்பனுக்குக் கஞ்சி ஊட்டிய கைக்கு இன்று வேலையில்லை. மூக்கில் குழாய் இருக்கிறது, அதைத் தொடக்கூடாது. முதுகைத் துடைத்துவிட்ட கைக்கு வேலையில்லை. அதற்கு நேரம் குறித்த அட்டவணை இருக்கிறது. கைக்கு வேலை போய்விட்டால் மனிதன் என்ன செய்வான்? கண்ணுக்கு இரட்டை வேலை கொடுப்பான். பாட்டிலை எண்ணுவான், பெட்ஷீட்டைத் தடவிப் பார்ப்பான், கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்ப்பான். அன்பு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதற்குச் சுலபமாகக் கிடைக்கிற உத்தியோகம் மேற்பார்வை.

இதில் இன்னொரு கசப்பும் கலந்திருக்கிறது. பத்து வருஷம் கூடவே இருந்த மகள் ஆஸ்பத்திரியில் அநேகமாகச் சத்தம் போடுவதில்லை. தூரத்து ஊரிலிருந்து கடைசி நாளில் பறந்து வந்த பிள்ளைதான் பெரும்பாலும் கத்துகிறான். மேல்நாட்டு டாக்டர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். முதியோர் மருத்துவம் பற்றிய ஓர் அமெரிக்க சஞ்சிகையில் 1991-இல் வெளியான கட்டுரை ஒன்று, இதை 'கலிபோர்னியாவிலிருந்து வந்த மகள்' என்ற வியாதிப் பெயரால் குறித்தது. கலிபோர்னியாவில் இருக்கிற டாக்டர்களோ அவளை 'நியூயார்க்கிலிருந்து வந்த மகள்' என்கிறார்களாம்! வேடிக்கையாகச் சொல்லப்பட்டாலும் உள்ளே இருப்பது வேடிக்கை அல்ல. இருக்கவேண்டிய நாட்களில் இல்லாமல் போனோமே என்ற உறுத்தல், இருக்கிற நாளில் எல்லாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. தன்னைத் தானே விசாரிக்கப் பயப்படுகிறவர் நர்ஸை விசாரிக்கிறார். நம் சென்னைக்கும் கோயமுத்தூருக்கும் திருச்சிக்கும் மெய்யாகவே கலிபோர்னியாவிலிருந்து வருகிற மகள்களும் மகன்களும் ஏராளம். அவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கோபத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், கோபிக்கிறவருக்கும் கேட்டுக்கொள்கிறவருக்கும் கொஞ்சம் நிதானம் வரும்.

இவ்வளவு தூரம் வந்தபின், "ஆகவே உறவினர்கள் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி இருக்க வேண்டும்" என்று முடித்துவிடலாமா? முடியாது. முடிப்பது பாவம் என்றே சொல்வேன்.

2021-ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுப் பெண் சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்டு, லண்டனில் பெயர்பெற்ற ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். நாளாக ஆக இரத்தத்தில் கிருமி பரவி நிலைமை மோசமாயிற்று. பெற்றோர் கவலையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அது உரிய மதிப்போடு கேட்கப்படவில்லை. குழந்தை இறந்துவிட்டாள். தகுந்த சமயத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பாள் என்று மறு வருஷம் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பெற்றோர் ஓயவில்லை. அதன் பலனாக 2024-இல் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் 'மார்த்தா விதி' என்று ஓர் ஏற்பாடு வந்தது. நோயாளியின் நிலை மோசமாகிறது, சொன்னால் கேட்பாரில்லை என்று வீட்டார் நினைத்தால், அவர்களே வேறொரு மருத்துவக் குழுவை அவசரமாக அழைத்துப் பார்க்கச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இதற்கு முன்னோடி உண்டு. அங்கே மூன்று வயதுகூட நிரம்பாத ரயன் என்ற குழந்தை 2007-இல் இறந்தது. அவன் பெற்றோர் சொன்னதும் சரியாகக் கேட்கப்படவில்லை. 2013-இல் 'ரயன் விதி' நடைமுறைக்கு வந்தது.

இந்த விதிகள் ஒப்புக்கொள்கிற உண்மை முக்கியமானது. நர்ஸுக்கு அந்தக் குழந்தையை எட்டு மணி நேரமாகத் தெரியும். தாய்க்குப் பதின்மூன்று வருஷமாகத் தெரியும். காய்ச்சல் எத்தனை டிகிரி, நாடி எத்தனை என்பதை அட்டை சொல்லும். "இவள் இப்படிப் பேசமாட்டாளே, இது இவள் முகமில்லையே" என்பதை அட்டை சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே கருவி உறவினரின் கண். அந்தக் கண்ணைத் தொந்தரவு என்று ஒதுக்கினால் ஆஸ்பத்திரி தன்னிடம் இருக்கிற ஒரு கருவியைத் தானே உடைத்துக்கொள்கிறது.

நம் நாட்டில் இதற்கு வேறொரு முகமும் இருக்கிறது. இங்கே குரலை உயர்த்திக் கேட்கிறவர் யார்? பெரும்பாலும் பணம் உள்ளவர், இங்கிலீஷ் பேசுகிறவர், யாராவது ஒரு பெரிய மனிதரின் போன் நம்பரை வைத்திருக்கிறவர். பெரியாஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்திருக்கிற கிராமத்துத் தாய் எதையும் கேட்பதில்லை. "டாக்டரய்யாவுக்குத் தெரியாததா?" என்று ஒதுங்கி நிற்கிறாள். கேட்டால் விரட்டிவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு. மார்த்தாவின் தாயைப்போல் கேட்கவேண்டிய அவசியம் அவளுக்கும் வரும்; கேட்கிற தைரியம் வராது. போதாக்குறைக்கு, நாம் 'கவனிப்பு' என்ற நல்ல சொல்லையும் கெடுத்து வைத்திருக்கிறோம். "கொஞ்சம் கவனிச்சுட்டுப் போங்க" என்று தள்ளுவண்டிக்காரன் சொன்னால் அதற்கு அர்த்தம் ஐம்பதோ நூறோ என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஆகவே, வார்டில் நாம் கேட்கிற ஒவ்வொரு நிமிஷமும் யாரோ ஒருவரிடமிருந்து எடுத்ததாக இருக்கக்கூடும் என்பதே இந்த விஷயத்தில் என்னை மிகவும் உறுத்துகிற நியாயம். உயிருக்காகக் கேட்டால் எவ்வளவு உரக்கவும் கேட்கலாம். நாலாம் நம்பர் கட்டிலுக்காரரும் அதை மன்னிப்பார். அந்தஸ்துக்காகக் கேட்டால், அது அவருடைய மூச்சிலிருந்து திருடியது.

வித்தியாசத்தை எப்படிக் கண்டுகொள்வது? பெரிய சாஸ்திரம் தேவையில்லை. கேட்பதற்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ளச் சில கேள்விகள் போதும். நான் சொல்லப்போவது நோயாளிக்கு வலிக்கிறது என்பதையா, எனக்கு மரியாதை கிடைக்கவில்லை என்பதையா? காரணத்தைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறேனா, தலைகுனிய வைக்கக் கேட்கிறேனா? இன்றைக்கு இந்த மனிதருக்காக என் கை என்ன செய்தது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத நாட்களில் நம் குரல் தானாகவே சற்று உயர்ந்துவிடுகிறது என்பதைக் கவனித்தால் விளங்கும்.

கண் மட்டும் இருந்து கை இல்லாமல் போனால் விளைவு என்ன என்பதற்கு இன்று நம் நகரங்களில் புதிய உதாரணம் ஒன்று வந்திருக்கிறது. படுக்கையோடு கிடக்கிற தாய். பிள்ளைகள் கடல் கடந்து. வீட்டில் 'ஹோம் நர்ஸ்' என்று ஒரு பெண், தூரத்து மாவட்டத்திலிருந்து வந்தவள், பகலும் இரவும் அங்கேயே தங்குகிறாள். கூரை மூலையில் ஒரு சி.சி.டி.வி. காமிரா. அயல்நாட்டில் மகள் அலுவலக வேலைக்கு நடுவே கைப்பேசியில் தாயின் அறையைப் பார்க்கிறாள். ஒரு நிமிஷத்தில் இங்கே போன் அடிக்கிறது: "ஏம்மா, பத்து நிமிஷமா செல்லையே பார்த்துட்டு இருக்கியே, அம்மா இருமினது கேக்கலையா?"

காமிரா வைத்தது குற்றமென்று சொல்ல மாட்டேன். ஆதரவற்ற கிழவிகளை அடித்தவர்களும் பட்டினி போட்டவர்களும் உலகத்தில் உண்டு, பயம் ஆதாரமில்லாததல்ல. ஆனால் அந்தக் காமிரா எதைப் பார்க்கிறது? பத்து நிமிஷம் செல்போன் பார்த்ததைப் பார்க்கிறது. அதற்கு முந்திய இரவு மூன்று முறை எழுந்து துணி மாற்றியதைப் பார்க்க மகள் விழித்திருக்கவில்லை. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கு ஒரு தரம் உடம்பைத் திருப்பிப் போட வேண்டும். ஒழுங்காகத் திருப்பினால் புண் வராது. வராத புண்ணை எந்தக் காமிராவும் படம் பிடிக்காது. பார்த்துக்கொள்கிற தொழிலின் துரதிர்ஷ்டமே இதுதான். அதன் தவறு உடனே தெரியும். அதன் வெற்றி, ஒன்றும் நடக்காமல் ஒரு நாள் கழிந்தது என்பதே.

இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டக் கூலிகளாகப் போன நம்மவர்களை மேய்த்தவருக்குக் 'கங்காணி' என்று பெயர். கண்ணால் காண்பதையே வேலையாகக் கொண்டவர். கண்காணி என்பதன் மரூஉ. கொழுந்து பறிக்கவும் பால் வெட்டவும் கங்காணி தேவைப்பட்டிருக்கலாம். ஒரு தாயின் முதுகைத் துடைக்கிற கைக்குக் கங்காணி வைத்தால் அந்தக் கை என்ன ஆகும்? துடைக்கும், ஆனால் காமிராவுக்குத் தெரிகிற பக்கமாக நின்று துடைக்கும். நாம் வாங்க நினைத்தது அன்பான கை. வாங்கியது பயந்த கை.

பயமும் சந்தேகமும் எங்கே போய் முடியும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2024 நவம்பர் 13-ஆம் தேதி சென்னை கிண்டியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், புற்றுநோய்க்காகச் சிகிச்சை பெற்ற ஒரு தாயின் மகன், அவளுக்குச் சரியாக வைத்தியம் பார்க்கவில்லை என்று எண்ணி டாக்டரைக் கத்தியால் குத்தினான். டாக்டர் பிழைத்துக்கொண்டார். டாக்டர்களையும் நர்ஸுகளையும் தாக்குகிறவர்களைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. சட்டம் உடம்பைக் காக்கலாம். நம்பிக்கையைக் காக்கிற வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது.

நம்பிக்கை வளர நர்ஸுகளும் ஆஸ்பத்திரிகளும் செய்யவேண்டியது இருக்கிறது. நர்ஸிங் தொழிலுக்கு வழி காட்டிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அந்தத் தொழில் பற்றி எழுதிய சிறு நூலில், என்ன நடக்கப்போகிறதோ என்ற நிச்சயமின்மையும் காத்திருத்தலும் நோயாளிக்குப் பெருங்கெடுதல் செய்கின்றன என்று எச்சரித்திருக்கிறார். உறவினருக்கும் அதே வியாதிதான். "நாலு மணிக்கு ஊசி போடுவோம்; ஏழு மணிக்கு டாக்டர் வருவார்; இந்த பாட்டில் மெதுவாகத்தான் இறங்கும், இருதயத்துக்கு அதுதான் நல்லது" என்று கேட்குமுன் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை பிறக்கவே பிறக்காது. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம்கூட நர்ஸுக்கு மிச்சமில்லாதபடி ஆட்களைக் குறைத்து வைத்திருக்கிற நிர்வாகம், மகனுடைய கோபத்துக்கு அவளைப் பலி கொடுத்துவிட்டுத் தான் மறைந்து நிற்கிறது.

சொல்வதைவிட மேலான வழியும் உண்டு. பறிபோன வேலையில் ஒரு பகுதியைக் கைக்குத் திருப்பிக் கொடுப்பது. டில்லியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், நோயுற்ற பச்சைக் குழந்தைகள் பிரிவுக்குள் பெற்றோரையே அனுமதித்து, கை கழுவுவது முதல் பாலூட்டுவது, சுத்தம் செய்வது, மார்போடு அணைத்துச் சூடு கொடுப்பது வரை கற்றுக்கொடுத்தார்கள். அதைப் பின்பற்றி 2017-இல் மத்திய அரசாங்கம் நாடு முழுவதற்கும் வழிமுறைகளை வெளியிட்டது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று நர்ஸைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த தாய் உள்ளே வந்ததும், அவளுக்கு நர்ஸின் வேலை எவ்வளவு என்று தெரிகிறது. நர்ஸுக்கு அந்தத் தாயின் கை எவ்வளவு உபயோகம் என்று தெரிகிறது. குழந்தைக்குச் செய்யக்கூடியதைக் கிழவருக்கு ஏன் செய்யக்கூடாது? மூத்த மகனிடம், "சார், நீங்க வந்திருக்கீங்களே, அப்பாவைத் திருப்பிப் போடணும், இந்தப் பக்கம் பிடிங்க" என்று ஒரு நர்ஸ் சொல்லட்டும். பிடித்துப் பார்த்தபின் அவர் பெட்ஷீட்டைப் பற்றிப் பேசுகிற தொனி மாறிவிடும். தகப்பனின் எலும்பு எவ்வளவு லேசாகிவிட்டது என்று அவர் கைக்குத் தெரிந்திருக்கும்.

2020-இல் கொரோனா வந்தபோது உறவினரின் கண்ணை அடியோடு வெளியே நிறுத்தினார்கள். அப்போது நர்ஸுகளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? கேள்வி கேட்க யாருமில்லை. ஆனால் நடந்தது என்ன? தலை முதல் கால் வரை மூடிய உடுப்புக்குள் வியர்த்துக்கொண்டு, நோயாளியின் முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்து, வெளியே நிற்கிற வீட்டாருக்கு அவர்கள் காட்டினார்கள். "பாருங்க, இன்னிக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டாரு" என்று சொல்ல ஓர் ஆள் அவர்களுக்கும் வேண்டியிருந்தது. நல்ல வேலை செய்கிறவருக்கும் சாட்சி தேவைப்படுகிறது. உறவினர் போலீஸ்காரராக வருவதைத்தான் நர்ஸ் வெறுக்கிறாள். சாட்சியாக வந்தால் வரவேற்பாள்.

நர்ஸுக்கு இன்று நாம் 'செவிலியர்' என்று பெயர் சூட்டியிருக்கிறோம். சங்க இலக்கியத்தை அறிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பழைய உறவு நினைவுக்கு வரும். அகப்பாட்டுத் தலைவிக்கு இரண்டு தாயார்: பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். பெண் காதலனோடு போய்விட்டால் நற்றாய் வீட்டிலிருந்து புலம்புவாள். செவிலி பாலை வழியே தேடிக்கொண்டு போவாள். ஒருத்திக்குக் கண்ணீர், ஒருத்திக்குக் கால்நடை. இரண்டும் அன்பு என்றே புலவர்கள் ஒப்புக்கொண்டார்கள். "உன்னால்தான் போனாள்" என்று ஒருவரையொருவர் ஏசவைத்துச் சுவை காண அவர்கள் முற்படவில்லை. இழப்பு இருவருக்கும் பொது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கடைசியாக, இந்த வழக்கில் நாம் யாரும் விசாரிக்காத ஒருவர் இருக்கிறார். கட்டிலில் படுத்திருக்கிறவர். மகனும் நர்ஸும் அவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அவரிடம் பேசுவதில்லை. மகன் ஆறு மணிக்குப் போய்விடுவார். விளக்கை அணைத்தபின், தாகம் எடுத்தால், ஈரமானால், பயந்து விழித்துக்கொண்டால், வரப்போகிறவள் சற்றுமுன் எல்லார் முன்னாலும் வசை வாங்கிய அந்தப் பெண்தான். அவள் நல்லவளாக இருந்தால் எதையும் மனத்தில் வைத்துக்கொள்ள மாட்டாள். பெரும்பாலும் வைத்துக்கொள்வதுமில்லை. ஆனால் படுத்திருக்கிறவருக்கு அது நிச்சயமில்லையே! அவர் அந்த ராத்திரி தாகத்தை அடக்கிக்கொள்வார், பெல் அடிக்கக் கூச்சப்பட்டு. தம் பொருட்டு நடந்த சண்டையின் விலையை அவரே கொடுப்பார்.

ஆஸ்பத்திரி வார்டுகளில் கிழத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் கையை மெல்லப் பிடித்து இழுத்துக் காதோடு சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு. நியாயங்களை எல்லாம் அலசிப் பார்த்தபின் எனக்கு அதைவிடத் தெளிவான தீர்ப்பு அகப்படவில்லை.

"அந்தப் பொண்ணைத் திட்டாதேப்பா. நீ வீட்டுக்குப் போயிடுவே. ராத்திரிக்கு எனக்கு அவதானே."